அவசரக் கொள்முதலும் அனிதா ஆனந்தும்: செஞ்சிக் களஞ்சியம் சொல்லும் பாடம்

செஞ்சிக் கோட்டைக்குச் சுற்றுலா வருபவர்கள் முதலில் தேடுவது ராஜகிரியின் உச்சியைத்தான். அடுத்து கல்யாண மகால், குதிரை லாயம், யானைக்குளம் என்று ஒரு சுற்று. இவற்றுக்கு அருகிலேயே தடித்த சுவர்களோடு நிற்கும் நெற்களஞ்சியத்தைப் பெரும்பாலோர் எட்டிப் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள். உள்ளே பார்க்க ஒன்றுமில்லை. இருட்டும் வெளவால்களும்தான்!

ஆனால் இந்தக் கோட்டையின் வரலாற்றில் பீரங்கிக்கு இணையான வேலையைச் செய்தது அந்தக் களஞ்சியம். சத்ரபதி சிவாஜி 1677-இல் செஞ்சியைக் கைப்பற்றினார். அவருடைய மகன் ராஜாராம் 1689-இல் மராட்டிய நாட்டிலிருந்து தப்பி வந்து இங்கே தஞ்சம் புகுந்தார். ஒளரங்கசீப்பின் தளபதி சுல்பிகர் கான் 1690-இல் முற்றுகையைத் தொடங்கினார். கோட்டை விழுந்தது 1698-இல். ஏறக்குறைய எட்டு ஆண்டுகள்! முற்றுகை எப்போதும் ஒரே இறுக்கமாக இருந்ததில்லை என்றாலும், இவ்வளவு காலம் ஒரு கோட்டை தாக்குப்பிடிக்க வேண்டுமானால் உள்ளே சோறு இருக்க வேண்டும். எதிரி வாசலுக்கு வந்த பிறகு நெல் வாங்கக் கிளம்ப முடியாது. கிளம்பினாலும் விற்பவன் சொன்னதுதான் விலை.

எந்த அரசுக்கும் பொருந்தும் விதி இது. பொருளை எப்போது வாங்குவது? யாரிடம் வாங்குவது? என்ன விலைக்கு? வாங்கிய கணக்கை யாரிடம் காட்டுவது? இந்த நான்கு கேள்விகளுக்கும் பதில் சொல்லும் சட்டத்துக்குத்தான் பொதுக் கொள்முதல் சட்டம் என்று பெயர். 2020-இல் கொரோனா என்ற எதிரி உலகின் எல்லா வாசல்களுக்கும் ஒரே நேரத்தில் வந்து நின்றபோது, இந்தக் கேள்விகளுக்குக் கனடா நாட்டின் நாடாளுமன்றத்தில் எழுந்து நின்று பதில் சொல்ல வேண்டிய இடத்தில் இருந்தவர் தமிழ் வேர் கொண்ட ஒரு பெண் உறுப்பினர். அவர்தான் அனிதா ஆனந்த்.

சட்டம் என்ன சொல்கிறது?

அரசு வாங்கும் பொருளுக்குப் பணம் கொடுப்பது மக்கள். அதனால் அரசு தனக்கு வேண்டியவரிடம் வாங்கக் கூடாது. விளம்பரம் செய்ய வேண்டும், போட்டி வைக்க வேண்டும், தகுதியுள்ளவர்களில் குறைந்த விலை சொன்னவருக்குக் கொடுக்க வேண்டும். டெண்டர் என்பதன் சாரம் இவ்வளவுதான்.

இந்த விஷயத்தில் தமிழ்நாடு பலருக்கும் முன்னோடி. 1998-ஆம் ஆண்டிலேயே டெண்டர்களில் வெளிப்படைத்தன்மைக்கென்று தனிச் சட்டம் (1998-ஆம் ஆண்டின் 43-ஆவது சட்டம்) இயற்றப்பட்டு, 2000-இல் அதற்கான விதிகளும் வந்தன. செஞ்சி பேரூராட்சி ஒரு சாலை போடுவதாக இருந்தாலும், சென்னையில் பாலம் கட்டுவதாக இருந்தாலும் இந்தச் சட்டம்தான். 2 கோடி ரூபாய் வரையிலான வேலை என்றால் டெண்டர் போட குறைந்தது 15 நாள் அவகாசம், அதற்கு மேல் என்றால் 30 நாள் என்று விதி சொல்கிறது. மத்திய அரசு 2012-இல் மக்களவையில் கொண்டுவந்த பொதுக் கொள்முதல் மசோதாவோ நிறைவேறாமலே 2014-இல் காலாவதியானது.

ஆனால் எல்லாக் கொள்முதல் சட்டத்திலும் ஒரு பின்வாசல் உண்டு. தமிழ்நாட்டுச் சட்டத்தின் 16-ஆவது பிரிவு, இயற்கைப் பேரிடர் போன்ற நேரங்களிலும், ஒரே ஒருவரிடம்தான் பொருள் கிடைக்கும் என்ற நிலையிலும் டெண்டர் நடைமுறையிலிருந்து விலக்குத் தருகிறது. கனடாவின் அரசு ஒப்பந்த விதிகளிலும் இதே ஏற்பாடு இருக்கிறது. தாமதித்தால் பொதுநலனுக்குக் கேடு என்கிற அளவுக்கு அவசரம் என்றால் போட்டி இல்லாமலே வாங்கலாம். இது தவறான ஏற்பாடு அல்ல. வெள்ளத்தில் தவிப்பவர்களுக்குப் படகு வாங்க 30 நாள் விளம்பரம் செய்துகொண்டிருக்க முடியுமா?

பிரச்சினை வேறு இடத்தில் இருக்கிறது. பின்வாசலைத் திறந்தவர்கள் அதை எப்போது மூடுவார்கள்? உள்ளே என்ன நடந்தது என்று எப்போது சொல்வார்கள்? சட்டங்கள் பெரும்பாலும் இதைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. கனடா நாடாளுமன்றத்தில் நடந்த விவாதத்தின் மையமே இதுதான்.

யார் இந்த அனிதா ஆனந்த்?

அனிதா ஆனந்த் 1967 மே 20-ஆம் தேதி கனடாவின் நோவா ஸ்கோஷியா மாகாணத்தில் கென்ட்வில் என்ற சிற்றூரில் பிறந்தார். தந்தை தமிழ்நாட்டைச் சேர்ந்தவர், தாய் பஞ்சாபைச் சேர்ந்தவர். இருவருமே மருத்துவர்கள். தந்தை வழித் தாத்தா வி.ஏ.சுந்தரம் காந்தியடிகளோடு இணைந்து செயல்பட்ட சுதந்திரப் போராட்ட வீரர் என்பது குறிப்பிடத்தக்கது.

குயின்ஸ் பல்கலைக்கழகத்தில் அரசியல், ஆக்ஸ்போர்டில் சட்டம், பிறகு டல்ஹௌசி, டொராண்டோ பல்கலைக்கழகங்களில் மேலும் சட்டப் படிப்பு என்று படித்து டொராண்டோ பல்கலைக்கழகத்தில் சட்டப் பேராசிரியர் ஆனார். அவருடைய துறை நிறுவன நிர்வாகமும் முதலீட்டாளர் பாதுகாப்பும். அதாவது, ஒரு கம்பெனியில் பணம் போட்டவர்களுக்கு அந்தக் கம்பெனி எதையெல்லாம் சொல்லியாக வேண்டும், இயக்குநர்கள் யாருக்குப் பதில் சொல்ல வேண்டும் என்பதை ஆராய்கிற துறை. 1985-ஆம் ஆண்டு ஏர் இந்தியா விமானக் குண்டுவெடிப்பு பற்றி விசாரித்த ஆணையத்துக்காகவும் ஆய்வறிக்கை எழுதியிருக்கிறார்.

2019 அக்டோபர் தேர்தலில் ஒன்டாரியோ மாகாணத்தின் ஓக்வில் தொகுதியிலிருந்து லிபரல் கட்சியின் சார்பில் முதன்முறையாக நாடாளுமன்ற உறுப்பினர் ஆனார். அடுத்த மாதமே, நவம்பர் 20-ஆம் தேதி, பொதுச் சேவைகள் மற்றும் கொள்முதல் துறை அமைச்சராகப் பதவியேற்றார். கனடாவின் மத்திய அமைச்சரவையில் இடம்பெற்ற முதல் இந்து இவர்தான்.

கொள்முதல் துறை என்பது அதுவரை செய்திகளில் அதிகம் அடிபடாத துறை. மேசை, நாற்காலி முதல் போர்க்கப்பல் வரை எல்லாத் துறைகளுக்கும் வாங்கித் தருகிற வேலை. புதிதாக வந்த ஒரு பேராசிரியருக்கு அமைதியான துறை என்றுதான் பலரும் நினைத்திருப்பார்கள். நான்கே மாதத்தில் நிலைமை தலைகீழானது.

காலியாக இருந்த களஞ்சியம்

கனடாவிடமும் ஒரு களஞ்சியம் இருந்தது. தேசிய அவசரகாலக் கையிருப்பு என்று அதற்குப் பெயர். முகக்கவசம், கையுறை, மருந்து முதலியவற்றைப் பல ஊர்க் கிடங்குகளில் சேமித்து வைக்கும் ஏற்பாடு. ஆனால் 2019-இல் ரெஜைனா நகரத்துக் கிடங்கு மூடப்பட்டபோது, அங்கே இருந்த சுமார் 20 லட்சம் என்-95 முகக்கவசங்கள் குப்பைக்குப் போயின. 2009-இல் வாங்கியவை, காலாவதி ஆகிவிட்டன. அவற்றுக்குப் பதில் புதியவை வாங்கி வைக்கப்படவில்லை. அடுத்த ஆண்டே கொரோனா!

இந்தக் கையிருப்பில் குறைகள் இருப்பதாக 2010, 2013-ஆம் ஆண்டு உள்தணிக்கைகளே எச்சரித்திருந்தன என்று பின்னர் தலைமைத் தணிக்கையாளர் சுட்டிக்காட்டினார். கையிருப்பைப் பராமரிப்பது சுகாதாரத் துறையின் வேலை, கொள்முதல் துறையின் வேலை அல்ல. ஆனால் காலியான களஞ்சியத்தை நிரப்பும் பொறுப்பு அனிதா ஆனந்தின் தலையில் விழுந்தது. அதுவும் உலகமே ஒரே சந்தையில் ஒரே பொருளுக்கு அடித்துக்கொண்டிருந்த நேரத்தில்!

2020 ஏப்ரலில் நடந்தவற்றைப் பார்த்தாலே அந்த நெருக்கடி புரியும். கனடாவுக்கு என்-95 முகக்கவசம் அனுப்ப வேண்டாம் என்று அமெரிக்க அரசு 3எம் நிறுவனத்தைக் கேட்டுக்கொண்டது. சில நாள் இழுபறிக்குப் பிறகே அது தீர்ந்தது. சரக்கு எடுத்துவர சீனாவுக்குப் போன இரண்டு விமானங்கள் காலியாகத் திரும்பின. மே மாதத்தில் இன்னொரு அடி. ஒரு விநியோகஸ்தர் மூலம் வந்த 1 கோடியே 10 லட்சம் கேஎன்-95 முகக்கவசங்களில் சுமார் 80 லட்சம் தரச் சோதனையில் தேறவில்லை.

அரசுச் செயல்பாடுகளை ஆராயும் நாடாளுமன்ற நிலைக்குழுவின் முன் அவர் பலமுறை வந்து பதில் சொல்ல வேண்டியிருந்தது. உறுப்பினர்களின் கேள்விகள் சாதாரணமானவை அல்ல. டெண்டர் இல்லாமல் கொடுத்த ஒப்பந்தங்கள் எத்தனை? யாருக்குக் கொடுத்தீர்கள்? தரம் இல்லாத சரக்குக்குப் பணம் போய்விட்டதா? செயற்கைச் சுவாசக் கருவி தயாரிப்பில் ஆளுங்கட்சியின் முன்னாள் உறுப்பினர் ஒருவருடைய நிறுவனத்துக்கும் பங்கு இருக்கிறதே, எப்படி?

அவருடைய வாதம் சுருக்கமாக இதுதான். உலகச் சந்தையில் போட்டி கடுமையாக இருக்கிறது. சப்ளை செய்பவரின் பெயரை வெளியே சொன்னால் வேறு நாடு அதிக விலை கொடுத்து அந்தச் சரக்கைத் தூக்கிக்கொண்டு போய்விடும். எனவே ஒரே இடத்தை நம்பாமல் பல இடங்களில் வாங்குகிறோம், கூடவே உள்நாட்டிலேயே உற்பத்தியும் தொடங்குகிறோம் என்றார். இந்த இரண்டாவது பகுதி வெறும் பேச்சாக நிற்கவில்லை. மெடிகாம் நிறுவனத்தோடு பத்தாண்டு ஒப்பந்தமும், ப்ராக்வில் நகரில் 3எம் ஆலைக்கான ஏற்பாடும் அந்த ஆண்டிலேயே முடிவாயின.

தடுப்பூசி ஒப்பந்தங்கள்

முகக்கவசமாவது கடையில் இருக்கிற பொருள். தடுப்பூசியோ அப்போது உலகத்திலேயே இல்லாத பொருள்! எது வெற்றி பெறும் என்று யாருக்கும் தெரியாது. டெண்டர் விட முடியுமா? இல்லாத பொருளுக்கு என்ன விலை கேட்பது?

இதற்குக் கண்டுபிடித்த வழிதான் முன்கொள்முதல் ஒப்பந்தம். ஆராய்ச்சி முடியும் முன்பே பணம் கொடுத்து வரிசையில் இடம் பிடிப்பது. விளையாத நெல்லுக்கு முன்பணம் கொடுப்பது போல. விளைந்தால் நெல் வரும், விளையாவிட்டால் பணம் போகும்.

2020 ஆகஸ்ட் 5-ஆம் தேதி ஃபைசர், மாடர்னா ஆகிய இரண்டு நிறுவனங்களோடும் ஒப்பந்தம் ஆனதை அனிதா ஆனந்த் அறிவித்தார். தொடர்ந்து ஜான்சன் அண்ட் ஜான்சன், நோவாவாக்ஸ், சனோஃபி, அஸ்ட்ராஜெனகா, உள்நாட்டு நிறுவனமான மெடிகாகோ என்று மொத்தம் ஏழு நிறுவனங்கள். 4 கோடிக்கும் குறைவான மக்கள் உள்ள நாட்டுக்கு 40 கோடி டோஸ் வரை கிடைக்கும்படி ஏற்பாடு. இவற்றில் எதிலும் வழக்கமான போட்டி டெண்டர் இல்லை. தேசியப் பாதுகாப்பு விலக்கு என்ற பிரிவைப் பயன்படுத்தி, சர்வதேச வர்த்தக உடன்பாடுகளின் கொள்முதல் விதிகளிலிருந்தும் அரசு விலகிக்கொண்டது.

அவையில் நடந்த விவாதம்

விலை என்ன? எப்போது வரும்? வராவிட்டால் யார் பொறுப்பு? ஒப்பந்தத்தில் இருக்கும் இந்த விவரங்களை மக்களுக்குக் காட்ட வேண்டாமா? எதிர்க்கட்சிகள் கேட்டன.

2020 அக்டோபரில், கன்சர்வேடிவ் கட்சியின் சுகாதாரத் துறைப் பேச்சாளர் மிச்செல் ரெம்பெல் கார்னர் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். கொரோனா நடவடிக்கைகள் தொடர்பான ஆவணங்களை அரசு நாடாளுமன்றத்திடம் ஒப்படைக்க வேண்டும் என்பது அதன் சாரம். ஆக, விவாதத்தின் இரண்டு பக்கத்திலும் முன்னணியில் நின்றவர்கள் பெண் உறுப்பினர்கள்!

அனிதா ஆனந்த் அதைக் கடுமையாக எதிர்த்தார். பேச்சுவார்த்தைகள் இன்னும் முடியவில்லை, ஒப்பந்தங்களில் ரகசியம் காக்கும் நிபந்தனைகள் இருக்கின்றன, அவற்றை மீறினால் இருக்கிற ஒப்பந்தங்களும் ஆபத்தில் விழும், இனி வர வேண்டிய நிறுவனங்களும் தயங்கும் என்பது அவர் நிலைப்பாடு. ஃபைசர் நிறுவனமும் தன் கவலையைத் தெரிவித்தது.

எதிர்த்தரப்பின் வாதமும் லேசானதல்ல. எல்லாவற்றையும் தெருவில் போடச் சொல்லவில்லை, பேச்சுவார்த்தையைப் பாதிக்கும் பகுதிகளை நாடாளுமன்றத்தின் சட்ட அலுவலர் மறைத்துவிடலாம் என்று தீர்மானத்திலேயே இருக்கிறது, மக்கள் பணத்துக்கு மக்கள் பிரதிநிதிகள் கணக்குக் கேட்பதில் என்ன தவறு என்றார்கள். லிபரல் கட்சியிடம் அப்போது பெரும்பான்மை இல்லை. அக்டோபர் 26-ஆம் தேதி நடந்த வாக்கெடுப்பில் 176-க்கு 152 என்ற கணக்கில் தீர்மானம் நிறைவேறியது. அரசு தோற்றது.

இதில் ஒரு முரண் இருக்கிறது. முதலீட்டாளர்களிடம் எதை மறைக்கக் கூடாது என்பதைப் பல ஆண்டுகள் மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுத்த பேராசிரியர், வரி கட்டுபவர்களிடம் சிலவற்றை இப்போது சொல்ல முடியாது என்று வாதாட வேண்டிய நிலை! வகுப்பறையில் இருந்த கொள்கையை அவர் கைவிட்டார் என்பார்கள் விமர்சகர்கள். வாங்குபவர்கள் நூறு பேர், விற்பவர்கள் ஏழு பேர் என்ற சந்தையில் வாங்குபவர் நிபந்தனை போட முடியாது என்பார்கள் ஆதரவாளர்கள். இரண்டிலும் உண்மை இருக்கிறது.

2020 டிசம்பர் 14-ஆம் தேதி கனடாவில் முதல் தடுப்பூசி போடப்பட்டது. அரசுக்குக் கைதட்டல். ஆனால் 2021 ஜனவரியில் ஃபைசர் தன் பெல்ஜியம் ஆலையை விரிவாக்கும் வேலையில் இறங்க, கனடாவுக்கு வர வேண்டிய டோஸ்கள் குறைந்தன. ஜனவரி கடைசி வாரத்தில் ஃபைசரிடமிருந்து ஒரு டோஸ் கூட வரவில்லை! ஐரோப்பிய ஒன்றியம் ஏற்றுமதிக் கட்டுப்பாடும் அறிவித்தது. அவையில் தினமும் இதே கேள்விதான். ஏன் உள்நாட்டில் தயாரிக்க உரிமை வாங்கவில்லை? அதைக் கேட்டுப் பார்த்தோம், கனடாவில் இருக்கும் உற்பத்தி வசதி போதாது என்று நிறுவனங்கள் முடிவு செய்தன என்று பதில் அளித்தார்.

பிப்ரவரியில் இன்னொரு சங்கடம். ஏழை நாடுகளுக்கு உதவும் கோவாக்ஸ் திட்டத்திலிருந்து கனடா சுமார் 19 லட்சம் டோஸ் எடுத்துக்கொள்ளப் போவது வெளியானது. ஜி-7 நாடுகளில் அப்படிச் செய்தது கனடா மட்டுமே. ஒருவருக்குப் பத்து டோஸ் என்ற கணக்கில் ஒப்பந்தம் போட்ட நாடு, இல்லாதவர்கள் பந்தியிலும் உட்காரலாமா என்ற கேள்வி உலகெங்கும் எழுந்தது. காகிதத்தில் இருக்கும் டோஸுக்கும் கையில் இருக்கும் டோஸுக்கும் உள்ள வித்தியாசத்தை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது.

இந்தியாவும் இந்தக் கதையில் வருகிறது. புனேயின் சீரம் நிறுவனத்திடமிருந்து 20 லட்சம் கோவிஷீல்டு டோஸ் வாங்க ஏற்பாடானது. 2021 மார்ச் 3-ஆம் தேதி 5 லட்சம் வந்தது. பிறகு இந்தியாவில் இரண்டாம் அலை மூண்டு ஏற்றுமதி நிறுத்தப்பட, மீதி 15 லட்சம் வரவில்லை.

ஆனாலும் மார்ச் மாத இறுதிக்குள் 60 லட்சம் டோஸ் என்று சொன்ன இலக்கை அரசு தாண்டியது. பல இடத்தில் விதைத்ததால் ஒன்று பொய்த்தாலும் மற்றொன்று கைகொடுத்தது என்பதை மறுக்க முடியாது.

அவர் கொண்டுவந்த நிலையான மாற்றம் ஒன்றையும் சொல்ல வேண்டும். மத்திய அரசு ஒப்பந்தங்களின் மொத்த மதிப்பில் குறைந்தது 5 சதவீதம் பூர்வகுடி மக்களின் நிறுவனங்களுக்குப் போக வேண்டும் என்ற இலக்கை 2021 ஆகஸ்டில் அறிவித்தார். கொள்முதல் என்பது விலை மட்டும் பார்க்கும் வேலை அல்ல, யாருக்கு வாய்ப்புக் கிடைக்கிறது என்பதும் அதில் சேரும் என்ற கருத்தின் வெளிப்பாடு இது.

தணிக்கை சொன்ன தீர்ப்பு

அவசரம் முடிந்த பிறகு கணக்குப் பார்த்தவரும் ஒரு பெண்தான். கனடாவின் தலைமைத் தணிக்கையாளர் கேரன் ஹோகன்.

2021 மே மாத அறிக்கையில், பாதுகாப்புக் கவசங்களை வாங்கக் கொள்முதல் துறை வேகமாகச் செயல்பட்டதை அவர் ஒப்புக்கொண்டார். ஆனால் ஒப்பந்தம் கொடுக்கும் முன் விற்பவரின் நிதிநிலையை எல்லா நேரங்களிலும் சரிபார்த்ததாகக் காட்ட முடியவில்லை என்றும் குறிப்பிட்டார். 2022 டிசம்பர் அறிக்கை தடுப்பூசி பற்றியது. மக்களுக்குப் போதுமான தடுப்பூசி பெறப்பட்டது என்பது நல்ல செய்தி. மறுபக்கம், 2022 மே இறுதி வரை பெறப்பட்ட 16.9 கோடி டோஸில் போடப்பட்டது 8.4 கோடி சொச்சம்தான். 3.2 கோடிக்கும் மேல் கிடங்குகளில் தங்கியிருந்தது. அவற்றின் மதிப்பு சுமார் 100 கோடி கனடா டாலர்.

மெடிகாகோ கதை இன்னும் கசப்பானது. அந்த நிறுவனத்தின் தடுப்பூசிக்கு 2022-இல் அனுமதி கிடைத்தது, ஆனால் ஒரு டோஸ் கூட மக்களுக்கு வந்து சேரவில்லை. 2023-இல் நிறுவனமே மூடப்பட்டது. திரும்பி வராத முன்பணமாக 15 கோடி டாலர் போனது 2023-இன் கடைசியில்தான் பொதுமக்களுக்குத் தெரிந்தது. ஒப்பந்தம் அறிவிக்கப்பட்டு மூன்று ஆண்டுகள் கழித்து! 2020-இல் ரகசியம் தேவைப்பட்டிருக்கலாம். 2022-இலும் தேவைப்பட்டதா?

அரைவ்கேன் என்ற செயலியின் விவகாரமும் இதே காலத்தில் முளைத்ததுதான். எல்லையைக் கடப்பவர்களுக்காக 2020-இல் எல்லைக் காவல் முகமை உருவாக்கிய இந்தச் செயலிக்கு சுமார் 5.95 கோடி டாலர் ஆகியிருக்கும் என்று 2024 பிப்ரவரியில் தணிக்கை அறிக்கை மதிப்பிட்டது. கணக்குப் புத்தகமே சரியாக இல்லாததால் மதிப்பிடத்தான் முடிந்ததாம்! போட்டி இல்லாத ஒப்பந்த முறையை அன்றைக்கே கொள்முதல் துறை கேள்வி கேட்டது என்றும் அதே அறிக்கை சொல்கிறது. ஆனால் ஒப்பந்தம் நின்றுவிடவில்லை. அறிக்கை வந்தபோது அனிதா ஆனந்த், அரசின் செலவு விதிகளுக்குப் பொறுப்பான கருவூல வாரியத்தின் தலைவராக இருந்தார். அவசரத்தில் வாங்கிக் கொடுத்த துறையின் முன்னாள் அமைச்சரே, இப்போது விதிகளை இறுக்க வேண்டிய இடத்தில்!

இடையில் 2021 அக்டோபர் முதல் 2023 ஜூலை வரை பாதுகாப்புத் துறை அமைச்சராக இருந்து, 88 எஃப்-35 போர் விமானங்கள் வாங்கும் முடிவை 2023 ஜனவரியில் அறிவித்ததும் அவர்தான். 2025 மே மாதம் வெளியுறவுத் துறை அமைச்சரானார்.

தமிழ்நாடு அதே நேரத்தில்

கனடாவோடு ஒப்பிட்டால் தமிழ்நாட்டின் அனுபவம் நேர் எதிர். மருந்துக் கொள்முதலில் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்துக்கு நல்ல பெயர் உண்டு. 1990-களின் நடுவிலிருந்து திறந்த டெண்டர் மூலம் மொத்தமாக வாங்கி, அரசு மருத்துவமனைகளுக்கு அனுப்பும் அதன் முறையைப் பிற மாநிலங்களும் பின்பற்றின. 2021 மே மாதம் அதே கழகம் 3.5 கோடி டோஸ் தடுப்பூசிக்கு உலகளாவிய டெண்டர் விட்டது. முறைப்படி விளம்பரம், முறைப்படி அவகாசம். ஒருவர் கூட டெண்டர் போடவில்லை! உலகின் சரக்கெல்லாம் முன்பணம் கொடுத்தவர்களிடம் ஏற்கெனவே போய்விட்டிருந்தது. தடுப்பூசி நிறுவனங்களும் மாநிலங்களோடு பேசத் தயாராக இல்லை. ஜூன் மாதம் மத்திய அரசே வாங்கித் தரும் முறைக்குத் திரும்பிய பிறகுதான் சிக்கல் தீர்ந்தது.

ஆக, வெளிப்படையாக இருந்தால் மட்டும் போதாது, பொருளும் வர வேண்டும். பொருள் வந்தால் மட்டும் போதாது, கணக்கும் வர வேண்டும். ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டால் இன்னொன்று கைவிட்டுப் போகிறது.

முடிவுரை

அனிதா ஆனந்தின் பங்களிப்பை எப்படி மதிப்பிடுவது? அவர் சொன்னது போல ரகசியம் காத்ததால்தான் தடுப்பூசி வந்ததா என்பதை நிரூபிக்க முடியாது. அவர் வேகமாகச் செயல்பட்டார், பல இடங்களில் வாங்கினார், நிலைக்குழு முன்னும் அவையிலும் வந்து நின்று கேள்விகளைச் சந்தித்தார். இவை அவருடைய பெருமை. எந்தத் தேதியில் ஒப்பந்தங்கள் திறக்கப்படும் என்ற உறுதியை அவரும் தரவில்லை, அவருடைய அரசும் தரவில்லை. இது குறை.

இந்த விவாதத்திலிருந்து கொள்முதல் சட்டம் எழுதுபவர்கள் கற்க வேண்டியது ஒரு வரிதான். அவசரத்துக்காக டெண்டர் பெட்டியை மூடலாம், ஆனால் கணக்குப் புத்தகம் எந்த நாளில் திறக்கப்படும் என்பதை அந்த ஒப்பந்தத்திலேயே எழுதிவிட வேண்டும். ஆறு மாதமோ, ஒரு ஆண்டோ, ஒரு தேதி இருக்க வேண்டும். கனடாவின் விதிகளுக்கும் இது பொருந்தும், தமிழ்நாட்டுச் சட்டத்தின் 16-ஆவது பிரிவுக்கும் இது பொருந்தும். அடுத்த புயலுக்கோ வெள்ளத்துக்கோ டெண்டர் இல்லாமல் பால் பாக்கெட்டும் பாயும் வாங்கும்போது, செஞ்சியில் வரி கட்டுகிற ஒருவருக்கும் அந்தக் கணக்கைக் கேட்கும் உரிமை இருக்கிறது.

2025 ஜூலையில் மராட்டியர்களின் ராணுவ நிலக்காட்சிகள் என்ற பெயரில் 12 கோட்டைகளை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தபோது, தமிழ்நாட்டிலிருந்து அந்தப் பட்டியலில் இடம்பெற்ற ஒரே கோட்டை செஞ்சி. இனி வருகிறவர்கள் கூட்டம் கூடும். ராஜகிரியில் ஏறி இறங்கிய களைப்போடு அந்த நெற்களஞ்சியத்தையும் ஒருமுறை நின்று பார்ப்பது நல்லது. எதிரி வரும் முன்பே வாங்கி வைத்தவனுக்குத்தான் பேரம் பேசும் தெம்பு இருக்கும். ரெஜைனா கிடங்கைக் காலி செய்தவர்களுக்கு அது தெரியாமல் போனது. அதற்கான விலையை ஒரு நாடே கொடுத்தது, அதுவும் எவ்வளவு விலை என்று தெரியாமலே!